மாநகராட்சி இடத்திலுள்ள நீச்சல் குளத்தை நலச்சங்கம் ஏற்று நடத்த முடியுமா?

கேள்வி: மதுரை நத்தம் சாலைக் குடியிருப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மனைப்பிரிவில் பொது ஒதுக்கீடாக விடப்பட்டு, மாநகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்ட இடத்தில் ஒரு பூங்காவும், 25 மீட்டர் நீளமும் 12.5 மீட்டர் அகலமும் கொண்ட நீச்சல் குளமும் உள்ளன. குத்தகைக்கு எடுத்தவர் விலகிய பின் குளம் பூட்டியே கிடக்கிறது. கோடை விடுமுறை வந்துவிட்டால் எங்கள் பகுதிச் சிறுவர்கள் கண்மாய்க்கும் வயல் கிணறுகளுக்கும் போய்விடுகிறார்கள். ரேஸ்கோர்ஸ் மைதான நீச்சல் குளத்துக்குத் தினமும் அழைத்துச் செல்ல எல்லாப் பெற்றோருக்கும் இயல்வதில்லை.

அண்மையில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசியபோது, நலச்சங்கமே பொறுப்பேற்று நடத்தினால் என்ன என்ற யோசனை எழுந்தது. காலையும் மாலையும் முறைவைத்து வேலை செய்யப் பலர் ஆர்வமாக இருக்கிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்களும் உள்ளனர். மாநகராட்சியிடம் எந்த வகையில் அனுமதி கேட்க வேண்டும், சம்பளத்துக்கு ஆள் வைக்காமல் தன்னார்வலர்களைக் கொண்டே நடத்த இயலுமா, விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: வழக்கறிஞர், ஒத்தக்கடை

முதலில் சங்கத்தின் நிலையைப் பாருங்கள். ஏழு பேர் சேர்ந்தாலே 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு இல்லாத குழுவோடு மாநகராட்சி ஒப்பந்தம் செய்துகொள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பதிவு செய்திருந்தால், துணைவிதிகளில் பொதுச் சொத்தைப் பராமரிப்பது நோக்கமாகச் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதைச் சரிபார்க்கவும்.

அடுத்து, நீங்கள் கேட்கப் போவது குத்தகையா, உரிமமா என்பதில் தெளிவு வேண்டும். குத்தகையால் இடத்தின்மீது உங்களுக்கு ஓர் உரிமை பிறக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். உரிமம் என்பது 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின்படி, இடத்தைப் பயன்படுத்த அளிக்கப்படும் இசைவு மட்டுமே. அதைக் கொடுத்தவர் பொதுவாக எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். உரிமத்தை நம்பி நிரந்தரமான கட்டுமானத்தைச் சொந்தச் செலவில் செய்தவருக்கு அச்சட்டத்தின் 60ஆவது பிரிவு ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் மாநகராட்சி தயாரிக்கும் வரைவில், செய்யப்படும் எந்தக் கட்டுமானத்தாலும் சங்கத்துக்கு உரிமை உண்டாகாது என்ற வாசகம் இடம்பெறவே வாய்ப்பு அதிகம். ஆகவே வடிகட்டி, மோட்டார், ஓடு பதித்தல் போன்ற முதலீட்டுச் செலவுகளைச் சங்கம் தன் தலையில் ஏற்றிக்கொள்ளாமல், அவற்றை மாநகராட்சி செய்து தர வேண்டும் என்று கேளுங்கள். அல்லது மக்கள் பங்களிப்பாக மூன்றில் ஒரு பங்கைத் திரட்டி, மீதியை அரசு ஏற்கும் நமக்கு நாமே திட்டத்தில் விண்ணப்பியுங்கள்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பொது ஒதுக்கீட்டு இடத்தில் உள்ள குளத்தைச் சங்க உறுப்பினர்களுக்கு மட்டுமான மன்றமாக மாற்றிவிடாதீர்கள். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு அளித்ததை உச்ச நீதிமன்றம் 1991இல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒதுக்கிய நோக்கத்திலிருந்து இடம் விலகக் கூடாது என்பதே அதன் சாரம். கட்டணம் வாங்கலாம். ஆனால் பக்கத்துத் தெருவில் வாடகைக்குக் குடியிருப்பவரின் பிள்ளையும் அதே கட்டணத்தில் உள்ளே வர முடிய வேண்டும்.

பொறுப்பைப் பொறுத்தவரை, தன்னார்வமாகச் செய்தோம் என்பது நீதிமன்றத்தில் விடையாகாது. பஞ்சாபில் ஒரு பள்ளியிலிருந்து சுற்றுலா சென்ற 14 மாணவர்கள் 1995இல் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்த வழக்கில், ஒவ்வொரு குழந்தைக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற ஆணையை உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதி செய்தது. குழந்தைகளைப் பொறுப்பேற்று நீருக்கு அருகில் அழைத்துச் சென்றவர்களின் கவனக்கடமை எவ்வளவு கடுமையானது என்பதை அந்தத் தீர்ப்பைப் படித்தால் அறியலாம். நுழைவாயிலில் "சொந்தப் பொறுப்பில் நீந்தவும்" என்று பலகை மாட்டுவதோ, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதோ அக்கடமையைக் கரைத்துவிடாது. பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுக்காமல் ஒரு நாள்கூடத் திறக்காதீர்கள்.

பதில் 2: நீர் சுத்திகரிப்புத் துறையில் பணியாற்றியவர்

வழக்கறிஞர் ஐயா சட்டப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் குளத்தின் சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கொள்ளளவு 3,75,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் நிரப்பினால் முப்பது நடைக்கு மேல் ஆகும். மதுரையில் கோடையில் குடிநீருக்கே குடங்கள் வரிசையில் நிற்கும்போது, குளத்துக்கு லாரி வந்து நிற்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சும்மா இருக்க மாட்டார்கள். ஆகவே மழைக்காலத்துக்குப் பின் ஒருமுறை நிரப்பி, அந்த நீரையே வடிகட்டிச் சுழற்றிப் பல மாதங்கள் வைத்திருப்பதுதான் வழி. நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானாலும் சுமார் 1,900 லிட்டரை அன்றாடம் ஈடுகட்ட வேண்டியிருக்கும். நீரை எதிர்த்திசையில் செலுத்தி வடிகட்டியைக் கழுவும்போது வெளியேறும் நீரை ஒரு நாள் வெயிலில் தேக்கிக் குளோரின் போன பின் பூங்காச் செடிகளுக்கு விடலாம்.

முழு நீரும் ஆறு மணி நேரத்தில் ஒருமுறை வடிகட்டி வழியே சுற்றி வர வேண்டும் என்று கணக்கிட்டால், 5 குதிரைத்திறன் மோட்டார் தேவைப்படும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 22 யூனிட் மின்சாரம் ஆகும். மின் இணைப்பு யார் பெயரில், எந்தக் கட்டண வகையில் இருக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையிலும், காரகாடித் தன்மை (pH) 7.2 முதல் 7.8 வரையிலும் நிற்க வேண்டும். நம் ஊர் வெயிலில், நிலைப்படுத்தும் மருந்து சேர்க்காத குளோரின் காலையில் போட்டால் உச்சிப்பொழுதுக்குள் பெரும்பகுதி போய்விடும். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர் என்று முறைவைத்துச் செய்யும் வேலை இதுவன்று. நேற்று எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாமல் ஒருவர் மறுபடியும் கொட்டுவார். அல்லது அவர் போட்டிருப்பார் என்று இருவருமே விட்டுவிடுவார்கள். பிளீச்சிங் பவுடர் இருக்கும் அறையில் அமிலத்தை வைத்து இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். வேறு வகைக் குளோரின் மாத்திரைகளைப் பிளீச்சிங் பவுடர் அள்ளிய அதே கரண்டியால் அள்ளினால் தீப்பிடிக்கவும்கூடும். கேரளத்தில் 2024இல் மூளையைத் தாக்கும் அமீபாத் தொற்றால் சிறுவர்கள் இறந்ததை நாம் மறக்கவில்லை. அந்த அமீபா வெதுவெதுப்பான, குளோரின் குறைந்த நன்னீரில் வளர்வது, மூக்கின் வழியே ஏறுவது. எனவே பயிற்சி பெற்ற ஓர் இயக்குநரைச் சம்பளத்துக்கு வையுங்கள். நீர்த்தரத்துக்கான இந்தியத் தர அளவை ஐ.எஸ். 3328, மாதம் ஒருமுறை ஆய்வகப் பரிசோதனை செய்து முடிவை வாயிலில் ஒட்டுங்கள்.

பதில் 3: மேலூர்ப் பாசனச் சங்க உறுப்பினர்

ஊர் கூடிக் கண்மாயைப் பராமரித்த குடிமராமத்து நம் மண்ணுக்குப் புதிதன்று. ஆனால் அதை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது என்பது என் கருத்து. கண்மாய் வேலை ஆண்டுக்குச் சில வாரங்களில் முடிந்துவிடும். மடை திறப்பதை அன்றாடம் கவனிக்க நீர்க்கட்டி என்று தனி ஆள் இருந்தார், அவருக்கு அறுவடையில் நெல் அளந்தோம். தினமும் செய்ய வேண்டிய வேலையை அக்காலத்திலும் யாரும் இலவசமாகச் செய்யவில்லை.

கேள்வியாளர்

விரிவான விளக்கங்களுக்கு நன்றி. இயக்குநருக்குச் சம்பளம் தர வேண்டும் என்பதை ஏற்கிறோம். உயிர்காப்புப் பணிக்காவது எங்கள் இளைஞர்களை விடலாமா? அப்படியானால் தன்னார்வலர்களுக்கு என்னதான் வேலை?

பதில் 4: உடற்கல்வி ஆசிரியை, மதுரை

நன்றாக நீந்துவதும், மூழ்குபவரைக் காப்பதும் வெவ்வேறு திறமைகள். சத்தமே இல்லாமல் மூழ்கும் குழந்தையைக் கண்டுகொள்ளவும், கரையேற்றிய பின் மூச்சூட்டவும் பயின்றிருக்க வேண்டும். திறந்திருக்கும் நேரம் முழுவதும், கைப்பேசியைத் தொடாமல், குளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க இருவர் வேண்டும். தேர்வு வந்தால் உங்கள் கல்லூரி இளைஞர்கள் வரமாட்டார்கள்; அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இங்கிலாந்தின் பென்சான்ஸ் நகரில், 2014 புயலில் சேதமுற்று 2016இல் மீண்டும் திறக்கப்பட்ட ஜூபிலி கடல்நீர்க் குளத்தை ஊர் மக்களே பங்கு வாங்கிய ஓர் அமைப்பு ஏற்று நடத்தியது. அங்கும் உயிர்காப்பாளர்களைச் சம்பளத்துக்குத்தான் நியமிக்கிறார்கள்.

தன்னார்வலர்களுக்கு வேலை நிறையவே உண்டு. நுழைவுச் சீட்டு, வருகைப் பதிவு, குளிக்காமல் இறங்குபவரைத் தடுத்தல், ஆழம் குறைந்த பகுதியில் கற்கும் சிறுவர்களுக்கு உதவி, இயக்குநர் எழுதும் குளோரின் பதிவேட்டைத் தினமும் பார்த்துக் கையொப்பமிடுதல், இருவர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கு, மாதக் கணக்கைப் பலகையில் எழுதுதல் ஆகிய எல்லாவற்றையும் அவர்கள் செய்யலாம். பெண்களுக்கான நேரத்தைக் காலை ஐந்தரை மணிக்கு ஒதுக்கிவிட்டு யாரும் வரவில்லை என்று சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சமையல் முடிந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பின் வரக்கூடிய நேரத்தைக் கொடுங்கள், பெண் உயிர்காப்பாளரையும் வையுங்கள்.

மொத்தச் சம்பளம், மின்சாரம், மருந்து, காப்பீடு ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். கட்டணமும் நன்கொடையும் சேர்ந்து அதற்கு ஈடாகவில்லை என்றால், ஆண்டு முழுவதும் நடத்தும் எண்ணத்தை விட்டு, ஏப்ரல், மே இரண்டு மாதங்களுக்கு மட்டும் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.