28 நாள் சிறுவிடைக் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல்: ஆம்ப்ரோலியம் எவ்வளவு கொடுக்கணும்?

கேள்வி:
சிறுவிடை (சின்ன உருவ நாட்டுக்கோழி) குஞ்சு 120, வயசு 28 நாள். தரையில் நெல் உமி. மூணு நாள் அடைமழையில் சாரல் அடிச்சு ஓரமெல்லாம் நனைஞ்சுபோச்சு. நேத்திலிருந்து எச்சத்தில் ரத்தம். இறக்கையைத் தொங்கப்போட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்குது, முகம் வெளுத்திருக்கு. 6 செத்துருச்சு. குடற்புழுவா இருக்கும்னு பைபரசின் கொடுத்தேன், தெம்புக்கு பி காம்ப்ளெக்ஸ் தண்ணியில் ஓடுது. கேட்கல. கடையில் ஆம்ப்ரோலியம் 20% பவுடர் இருக்காம். அளவு, நாள் கணக்கு சொல்லுங்க.

பதில் 1:
வயசு, ஈரம், ரத்தம் மூணையும் வச்சுப் பார்த்தா காக்சிடியோசிஸ், அதாவது ரத்தக்கழிச்சல் நோய்தான் முதல் சந்தேகம். இது புழு இல்லைங்க, ஐமீரியாங்கிற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. பைபரசின் அதைத் தொடவே தொடாது. புதுசா செத்த குஞ்சு ஒண்ணை அறுத்துப் பாருங்க. குடல் முடிவில் இரட்டையா இருக்கிற குருட்டுக்குடல் வீங்கி, உள்ளே ரத்தமோ ரத்தக்கட்டியோ இருந்தா ஐமீரியா டெனெல்லா. அந்தக் குஞ்சையே பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டிட்டா உறுதியாயிடும்.

பி காம்ப்ளெக்ஸை இப்பவே நிறுத்துங்க. ஆம்ப்ரோலியம் வேலை செய்றதே தயமின், அதாவது பி1 மாதிரி வேஷம் போட்டு ஒட்டுண்ணியைப் பட்டினி போட்டுத்தான். நீங்க பி1-ஐ ஊத்தினா மருந்து வீண்.

20% பவுடருக்குக் கணக்கு: கடுமையா இருக்கிறதால லிட்டருக்கு 1.2 கிராம், 3 முதல் 5 நாள். 10 லிட்டருக்கு 12 கிராம். அப்புறம் லிட்டருக்கு 0.3 கிராம், இன்னும் ஒண்ணு ரெண்டு வாரம். ரத்தம் நின்னதும் பலர் இந்த ரெண்டாம் கட்டத்தை விட்டுடுறாங்க, பத்து நாளில் திரும்ப வருது. டீஸ்பூன் கணக்கு வேண்டாம், சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்க. தினமும் புதுசா கலக்கணும். நோய் வந்த குஞ்சு தீனி எடுக்காது, தண்ணி குடிக்கும். அதனாலதான் தீனியில் கலக்காம தண்ணியில் கொடுக்கிறோம். வேற தண்ணி, முற்றத்துக் குழித் தண்ணி உட்பட, எதுவும் எட்டக்கூடாது.

கேள்வி கேட்டவர்:
நல்லா இருக்கிற குஞ்சுக்கும் கொடுக்கணுமா? டோல்ட்ராசூரில்ங்கிற மருந்து இதைவிட நல்லதுன்னு ஒருத்தர் சொல்றார்.

பதில் 2:
எல்லாத்துக்கும் கொடுக்கணும். ரத்தம் வெளியே தெரியும்போது குடலுக்குள்ள நாலஞ்சு நாள் வேலை முடிஞ்சிருக்கும். ஆம்ப்ரோலியம் ஒட்டுண்ணியோட ஆரம்பக் கட்டத்தைத்தான் அடிக்கும், குடல் கிழிஞ்சது உடனே ஆறாது. அதனால ரெண்டு நாள் வரை சாவு தொடரலாம். அதைப் பார்த்துப் பயந்து நடுவில் மருந்தை மாத்தாதீங்க.

டோல்ட்ராசூரில் ஒட்டுண்ணி குடலுக்குள் வளர்ற எல்லாக் கட்டத்தையும் பிடிக்கும். 2.5% திரவம் லிட்டருக்கு 1 மி.லி., 48 மணி நேரம் விடாம. தண்ணியைப் புளிப்பாக்குற ஆசிடிஃபையரோட கலக்கக்கூடாது. முட்டைக் கோழிக்கு வேண்டாம், கறிக்கு விற்கிற முன்னாடி லேபிளில் போட்ட இடைவெளியைக் கட்டாயம் விடணும். ரெண்டில் ஒண்ணு போதும். சல்ஃபா மருந்துக்கு நான் போகச் சொல்ல மாட்டேன். சல்ஃபாகுவினாக்சலின் அளவு கூடினா வைட்டமின் கே குறைஞ்சு ரத்தக்கசிவு இன்னும் மோசமாகும். இப்போ கொடுக்க வேண்டியது வைட்டமின் ஏ-யும் கே-யும்தான். வாங்குற டானிக்கில் பி1 இல்லையான்னு படிச்சுப் பாருங்க.

பதில் 3:
மருந்தைப் பத்தியே பேசுறோம், உமியை யார் பார்க்கிறது? எச்சத்தில் வர்ற ஒட்டுண்ணியோட முட்டைக்கூடு சூடும் ஈரமும் கிடைச்சா ஒண்ணு ரெண்டு நாளில் தொற்றுற நிலைக்கு வந்துடும். குஞ்சு கொத்தித் தின்னும், மறுபடி முதல்ல இருந்து. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் அந்தக் கூட்டை ஒண்ணும் பண்ணாது. நனைஞ்ச உமியைச் சுரண்டி வெளியே கொண்டுபோய், காய்ஞ்ச உமியை ரெண்டு மூணு அங்குலம் போடுங்க. கையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்க, உருண்டையா நின்னா ஈரம் அதிகம். தண்ணிக் குடுவையைக் குஞ்சோட முதுகு உயரத்துக்குத் தூக்குங்க, அதுக்குக் கீழேதான் எப்பவும் கட்டி தட்டும். சாரல் பக்கம் தார்ப்பாய், ஆனா மேலே காத்து போக இடம் விடணும். இந்த வயசில் குஞ்சுக்கு ஒரு சதுர அடியாவது வேணும். சிமெண்ட் தரைன்னா இந்த பேட்ச் போனதும் ஃபிளேம் கன் வச்சுச் சுடுங்க.

பெரிய கோழிகள் நோய் தெரியாமலே இந்த முட்டைக்கூட்டை எச்சத்தில் வெளியே விடும். அதனால முதல்ல குஞ்சுக் கொட்டகை வேலை, அப்புறம்தான் பெரிய கோழி. செருப்பும் தனி.

பதில் 1:
அடுத்த பேட்சுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்டார்ட்டர் தீவனத்தில் சாலினோமைசின் மாதிரி காக்சிடியா தடுப்பு மருந்து இருக்கான்னு கேட்டு வாங்குங்க. இருந்தா, சளிக்குன்னு டியாமுலின் கொடுத்துடாதீங்க. ரெண்டும் சேர்ந்தா கால் விழுந்து குஞ்சு சாகும். அந்தத் தீவனம் குதிரைக்கும் வான்கோழிக்கும் விஷம். எச்சத்தில் ஆரஞ்சு நிற இழை தெரிஞ்சா பதறாதீங்க, அது பெரும்பாலும் குடல் தோல் உதிர்றது. சொட்டுச் சொட்டா ரத்தமே வந்தா இந்த நோயைச் சந்தேகப்படுங்க; ஆனா ஐமீரியாவில் சில வகையில் ரத்தம் தெரியாமலும் இந்த நோய் வரும்.