"அப்பா" என்று ஜெபிக்க நா எழவில்லை: இது அன்பின் குறைவா?

தெஹிவளை வாசகன் கேட்டது:

எனக்கு 42 வயது. கொழும்பில் ஒரு மெதடிஸ்த சபையில் வளர்ந்து, இன்று அதே சபையின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்தில் மற்றவர்கள் கண்ணீர் மல்க "அப்பா, உம்மை நேசிக்கிறேன்" என்று சொல்லும்போது, எனக்கு மட்டும் வாய் திறப்பதில்லை.

என் தகப்பனார் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதினார். விடியுமுன் போய் இருட்டிய பின் வருவார். சம்பள நாளன்று மாலுபாண் (மீன் பணிஸ்) பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கால் கழுவப் போய்விடுவார். நாங்களும் ஒன்றும் பேசாமல் சாப்பிடுவோம். அவர் எங்களை நேசித்தார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அவரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆறு வருடங்களுக்கு முன்பு அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார். தேவனிடத்திலும் நான் அதே பழக்கத்தோடுதான் இருக்கிறேனோ என்ற பயம் இப்போது வருகிறது. பிதாவாகிய தேவனிடம் அன்பைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா, செய்கையே போதுமா?

கொட்டாஞ்சேனைப் பெரியவர் எழுதியது:

தம்பி, நான் கத்தோலிக்கன். உங்கள் ஜெபம் எங்களுக்குச் செபம். ஆனாலும் இந்தச் சங்கடம் இரு வீட்டாருக்கும் பொதுவானதுதான்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. சிலுவைக்கு முந்திய இரவில், கெத்செமனியில் இயேசு "அப்பா பிதாவே" என்று அழைத்ததாக மாற்கு 14:36 கூறுகிறது. பவுலும் உரோமையர் 8:15இலும் கலாத்தியர் 4:6இலும் அதே அழைப்பை எழுதுகிறார். அது அரமேயச் சொல். நம் வீட்டுச் சொல்லோடு ஒலியில் ஒத்துப்போனது தற்செயல். அது குழந்தையின் மழலை என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். ஜேம்ஸ் பார் என்ற வேதாகம அறிஞர் 1988இல் எழுதிய கட்டுரையில், வளர்ந்தவர்களும் தம் தகப்பனை அழைத்த சொல்தான் அது என்று விளக்கி, அந்தக் கருத்தை மறுத்தார். ஆகவே குழைந்து பேச வராத ஒரு நடுவயதுக்காரர் அந்தச் சொல்லைச் சொல்வதில் நாடகம் எதுவும் இல்லை. சொல்லப்போனால், கெத்செமனியில் அந்த அழைப்பைத் தொடர்ந்து வந்தது கொஞ்சல் அல்ல. "என் சித்தத்தின்படியல்ல" என்ற கீழ்ப்படிவுதான்.

நம் சிங்களச் சகோதரர்கள் வீட்டில் தகப்பனைத் "தாத்தா" என்பார்கள். கர்த்தர் கற்பித்த செபத்திலோ "பியாணெனி" என்று மரியாதையாக அழைப்பார்கள். வீட்டுச் சொல்லை வழிபாட்டுக்குக் கொண்டுவராததால் அவர்களுடைய அன்பு குறைந்துவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார்கள். இலத்தீன் திருப்பலியிலும் அந்தச் செபத்துக்கு முன்பு "துணிந்து சொல்கிறோம்" என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது. கடவுளைத் தந்தை என்பது எளிதாக வாயில் வர வேண்டிய ஒன்று என்று திருச்சபை நினைத்திருந்தால், அங்கே துணிவைப் பற்றிப் பேச வேண்டியிருந்திராது.

உங்கள் கேள்விக்கு நேர்விடை மத்தேயு 21:28இல் தொடங்கும் உவமையில் இருக்கிறது. "போகிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போகாத மகனை விட, "மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பு மனம் வருந்தித் திராட்சைத் தோட்டத்துக்குப் போன மகனே தகப்பனின் விருப்பத்தைச் செய்தான். செய்கையே போதும், தம்பி.

வத்தளை மார்த்தாள் எழுதியது:

பெரியவர் சொன்ன முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. செய்கையே போதும் என்றால், லூக்கா 15இல், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய தம்பிக்குத் தகப்பன் விருந்து வைத்ததால் கோபித்த மூத்த மகனை நாம் எங்கே நிறுத்துவது? அவன் ஒருநாளும் கட்டளையை மீறாதவன், வயலிலிருந்து நேரே வருகிறவன். ஆனால் அந்த உரையாடலைக் கவனமாக வாசித்துப் பாருங்கள். ஊதாரியான இளையவன் சொத்தைப் பிரித்துக் கேட்கும்போதும் "தகப்பனே" என்கிறான், திரும்பி வரும்போதும் "தகப்பனே" என்கிறான். மூத்தவன் ஒரு தடவைகூட அப்படி அழைக்கவில்லை. "இதோ, இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று கணக்கைத்தான் விரிக்கிறான். தம்பியையும் "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறானே தவிர, என் தம்பி என்று சொல்லவில்லை. அழைப்பு நின்றுபோன இடத்தில் உழைப்பு மெல்ல மெல்லக் கூலி வேலையாக மாறிவிடுகிறது. அப்படியிருந்தும் தகப்பன் அவனை "மகனே" என்றுதான் அழைக்கிறார்.

சபைக் கணக்கைப் பார்க்கும் அண்ணாவைக் குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. நானும் ஞாயிறு பாடசாலை, நோயாளிகளைப் பார்க்கப் போவது, ஏப்ரல் விடுமுறை வகுப்பு என்று ஓடிக்கொண்டே இருந்துவிட்டு, யாருக்காக ஓடுகிறேன் என்பதை மறந்து எரிச்சல்பட்டவள்தான். லூக்கா 10இல் இயேசுவுக்கு விருந்து செய்யும் வேலையில் அலைந்து எரிச்சல்பட்டவளின் பெயரே மார்த்தாள் அல்லவா! கண்ணீரும் உயர்த்திய கைகளும் கட்டாயமில்லை. ஆனால் ஒரு நாளில் ஒரு தடவையாவது, எதையும் கேட்காமல், பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

வெள்ளவத்தை, பெயர் வேண்டாம்:

தகப்பனின் நினைவே நல்லதாக இல்லாதவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். என் தகப்பன் நான் சிறுமியாக இருந்தபோதே எங்களை விட்டுப் போனவர். பல வருடங்கள் "கர்த்தாவே" என்று மட்டுமே ஜெபித்தேன். "பிதாவே" என்ற இடம் வந்தால் உதடு மட்டும் அசையும். "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்" என்ற 27ஆம் சங்கீதத்தின் வசனம்தான் எனக்குக் கதவைத் திறந்தது. ஓசியா 11இல் பிள்ளையைக் கைபிடித்து நடக்கப் பழக்குகிறவராகவும், ஏசாயா 66:13இல் தாயைப் போல் தேற்றுகிறவராகவும் தேவன் பேசுகிறார். என் தகப்பனை வைத்து அவரை அளப்பதை நான் விட்டுவிட்டேன். அண்ணா, உங்களுக்கு மாலுபாண் பொட்டலமாவது இருக்கிறது.

தெஹிவளை வாசகன் மீண்டும் எழுதியது:

உங்கள் மூவருக்கும் நன்றி. மூத்த மகனைப் பற்றி மார்த்தாள் எழுதியதை வாசித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் 100ஆம் இலக்க பஸ்ஸில், வெள்ளவத்தை தாண்டியபின், மனதுக்குள் "அப்பா" என்று மட்டும் சொன்னேன். கொள்ளுப்பிட்டி வரும்வரை அடுத்த சொல் வரவில்லை. ஆனால் வழக்கமான விண்ணப்பப் பட்டியலும் அன்று வரவில்லை.

பெரியவரிடம் ஒரு சிறிய சந்தேகம் கேட்க வேண்டும். என் தகப்பனாரிடம் நான் எப்போதும் "நீங்கள்" என்றுதான் பேசினேன். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் "நீர்" என்பது நண்பர்களிடமும் வயதில் இளையவர்களிடமும் சொல்வது. ஜெபத்தில் "நீர், உம்மை" என்று வரும்போதே எனக்கு அந்நியமாகிவிடுகிறது. தனி ஜெபத்தில் "நீங்கள்" என்று சொன்னால் தவறாகுமா?

கொட்டாஞ்சேனைப் பெரியவர்:

தவறே இல்லை. கோவிலில் எல்லோரோடும் சேர்ந்து சொல்லும்போது "உமது பெயர்" என்றே சொல்லுங்கள், இல்லாவிட்டால் பக்கத்திலிருப்பவர் தடுமாறுவார். என் மாமியார் சாகும்வரை மாதாவிடம்கூட "நீங்கள் சாப்பிட்டீர்களா" என்று கேட்டுவிட்டுத்தான் செபமாலையைத் தொடங்குவார். மார்த்தாள் பிள்ளை சொன்னதில் நியாயம் இருக்கிறது. மேலே நான் எழுதிய கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.