பி.வி. சதீஷ் நினைவா என்ன செய்யலாம்?

கேள்வி: தெலங்கானாவுல தலித் பெண்கள் நடத்துற சமுதாய வானொலியான சங்கம் ரேடியோ பத்தி காலேஜ்ல பேச்சு வந்துச்சு, அதுக்குப் பின்னால இருந்து 2023 மார்ச்ல மறைஞ்ச சதீஷ் பேரே யாருக்கும் தெரியல, மனசு கேக்கல. எப்படி மரியாதை செய்யலாம்?

பதில் 1: தூர்தர்ஷன்ல புரொடியூசரா இருந்த மனுஷன், ஜஹீராபாத் பக்கம் தலித் பெண் விவசாயிகளோடயே இருந்து கேமராவையும் மைக்கையும் அவங்க கையிலயே குடுத்துட்டார். படத்துக்கு மாலை போடுறதோட நிறுத்தாதீங்க தம்பி, ஊர்ல பாட்டிங்ககிட்ட விதை, சிறுதானியம் பத்தி கேட்டு ரெக்கார்ட் பண்ணுங்க.

பதில் 2: ஆமாங்க. 2006லதான் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி லைசென்ஸ்னு ஆச்சு, அதுவரை சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தோட அண்ணா எஃப்எம் மாதிரி கல்வி நிறுவனங்களுக்குத்தான், ஆனா அந்தப் பெண்கள் அதுக்கு ரொம்ப முன்னயே கேசட்ல பதிவு பண்ணி அவங்க ஊர் பெண்கள் சங்கக் கூட்டத்துல போட்டுக் கேட்டாங்க, 2008 அக்டோபர் 15ல மாச்சனூர் கிராமத்துல சங்கம் ரேடியோ ஸ்டேஷனே வந்துருச்சு.

கேட்டவர்: நன்றி அண்ணே, இந்த ஞாயிறே எங்க அப்பத்தாகிட்ட ஆரம்பிக்கிறேன்.