கிட்டார் உடலுக்கு எந்த மரம்? அறுத்தவர்களும் சுமந்தவர்களும்

கோயம்புத்தூரிலிருந்து:

ஃபெண்டர் கம்பெனியின் டெலிகாஸ்டர் வடிவத்தில் சொந்தமாக ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்யப்போகிறேன், எந்த மரம் எடுக்கலாம் என்று கேட்ட தம்பிக்கு. அதற்கு வழக்கமாக எடுக்கும் ஆல்டர், ஸ்வாம்ப் ஆஷ் என்ற வெளிநாட்டு மரங்கள் எல்லாம் நம் ஊர் மரக்கடையில் கிடைக்காது. கிடைப்பதில் தேக்கு, மஹாகனி, பலா மூன்றையும் நான் அறுத்துப் பார்த்திருக்கிறேன்.

பலா கேட்டுப் போனபோது கடைக்காரர், "வீணை செய்யறீங்களா?" என்றார். கிட்டார் என்றதும், "அப்ப குடம் குடைய வேண்டாமா? வெறும் பலகைதானா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார். வெறும் பலகைதான். 18க்கு 13 அங்குலம், ஒன்றே முக்கால் அங்குல கனம் இருந்தால் போதும். ஒரே துண்டாகக் கிடைக்காவிட்டால் இரண்டை ஒட்டிக்கொள்ளலாம், பெரிய கம்பெனிகளும் அப்படித்தான் செய்கின்றன.

நான் முதலில் பார்ப்பது எடை. வெட்டி முடித்த டெலிகாஸ்டர் உடலின் கன அளவு நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். அதை மரத்தின் அடர்த்தியால் பெருக்கினால் கணக்கு தெரிந்துவிடும்: ஆல்டர் 2 கிலோவை ஒட்டி, மஹாகனி இரண்டரை கிலோ, தேக்கு 2.8 கிலோ. இதோடு நெக் (கழுத்து), பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் பாலம்), டியூனர் (சுருதி முடுக்கி) எல்லாம் சேர வேண்டும். தேக்கு கிட்டாரை உட்கார்ந்து வாசிக்கச் சுகம், நின்று வாசித்தால் தோள்பட்டை போய்விடும். போதாததற்கு தேக்கில் சிலிக்கா உண்டு, மரத்தைக் குடையும் ரௌட்டரின் பிட் சீக்கிரம் மழுங்கும். எண்ணெய்ப் பசையும் உண்டு. ஒட்டும் முன் தின்னரால் நன்றாகத் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது.

பலா எனக்குப் பிடித்துப்போனது. இழைத்த அன்று மஞ்சளைக் கரைத்துப் பூசியது போல இருக்கும். நிறமில்லாத லாக்கர் பூச்சு அடித்தாலும் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாக மாறிவிடும், அந்த மஞ்சள் நிற்கும் என்று நம்பாதீர்கள். பச்சை மரம் மட்டும் வாங்கவே வேண்டாம். ஈரம் 12 சதவீதத்துக்குள் வரட்டும். இல்லையென்றால் நெக் உட்காரும் பள்ளம் பிறகு அசைந்து கொடுக்கும், எந்த பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கருவி) போட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஓசைதான் முக்கியம் என்பீர்கள். ஒரே பிக்கப், ஒரே பிரிட்ஜ், ஒரே நெக் மூன்றையும் தேக்கிலிருந்து பலாவுக்கு மாற்றிப் பதிவு செய்து நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினேன். எது எது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிக்கப்பின் உயரத்தை ஒரு மில்லிமீட்டர் மாற்றியபோது எல்லோருக்கும் வித்தியாசம் கேட்டது. டெலிகாஸ்டரை உருவாக்கிய லியோ ஃபெண்டரும் காதை மட்டும் வைத்து மரம் எடுத்தவர் இல்லை. தன் இன்னொரு கிட்டாரான ஸ்ட்ராட்டோகாஸ்டரை ஆஷில் தொடங்கியவர், 1956 வாக்கில் அதில் சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிறி ஓரத்தில் கறுக்கும் பூச்சு) பூசுபவற்றுக்கு ஆல்டருக்கு மாறினார். ஆஷின் பெரிய துளைகளை அடைத்துப் பூசுவது தனி வேலை, ஆல்டரில் அந்தத் தொல்லை குறைவு. வரி அழகாகத் தெரிய வேண்டிய பிளாண்ட் என்ற வெளிர் மஞ்சள் நிறத்துக்கு மட்டும் ஆஷ் தொடர்ந்தது. டான்எலெக்ட்ரோ கம்பெனி, மர நாரை அழுத்திச் செய்த ஹார்ட்போர்டிலேயே கிட்டார் விற்றது. குவீன் இசைக்குழுவின் பிரையன் மே தன் அப்பாவுடன் செய்த ரெட் ஸ்பெஷல் கிட்டாரின் நெக் ஒரு பழைய கணப்படுப்பின் மஹாகனி. உடலிலோ ஓக்கோடு, மரக்கட்டைகளை நடுவில் வைத்து ஒட்டிய பிளாக்போர்டு (blockboard) பலகையும் இருக்கிறது!

சென்னையிலிருந்து:

அண்ணா, எடை குறைவாக இருக்கட்டும் என்று பாஸ்வுட் எடுப்பவர்களுக்கு ஒன்று. என்னுடையது பாஸ்வுட், தூக்கினால் எடையே தெரியாது. ஆனால் மரம் மெத்து. நகம் அழுத்தினாலே தடம் விழும். கல்யாணக் கச்சேரியில் இரண்டாவது பாட்டு நடுவில் வார் மாட்டும் திருகு மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரு கையால் கிட்டாரை இடுப்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பாட்டை முடித்தேன், பாடகர் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடினார். வீட்டுக்கு வந்து ஓட்டையில் பல்குச்சிகளைப் பசை தடவி நெருக்கமாகச் செருகி, காய்ந்ததும் நறுக்கிவிட்டுத் திருகினேன். இன்றுவரை அசையவில்லை. புதிதாகச் செய்பவர்கள் முதலிலேயே நீளமான திருகாகப் போட்டுவிடுங்கள்.

திருச்சியிலிருந்து:

மரத்துக்கும் ஓசைக்கும் சம்பந்தமே இல்லை என்ற அளவுக்கு நான் போகமாட்டேன். ஆம்ப்ளிஃபயரில் போடாமல் வாசிக்கும்போது உடல் நெஞ்சில் அதிர்வது மரத்துக்கு மரம் மாறுகிறது, அதற்கேற்ப என் கையும் மாறி வாசிக்கிறது. பதிவில் கேட்காது என்பது சரி, வாசிப்பவனுக்குத் தெரியும்.

ஆனால் எடை விஷயத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. என்னிடம் பாலோனியா மரத்தில், கிப்சன் கம்பெனியின் எஸ்ஜி வடிவத்தில் ஒரு கிட்டார் உண்டு. பாலோனியா ஆல்டரைவிடவும் மிகவும் லேசு. உடல் லேசாகி நெக் கனமாக நின்றதால், கையை எடுத்தால் தலைப்பகுதி தரையைப் பார்த்து இறங்கும். இடது கை பாதி நேரம் கார்டு பிடிக்கிறது, பாதி நேரம் கிட்டாரைத் தாங்குகிறது. உட்புறம் சொரசொரப்பான தோல் வார் போட்ட பிறகு பாதி நின்றது. டியூனர்களை லேசானவையாக மாற்றினால் மீதியும் நிற்கும் என்கிறார்கள், இன்னும் மாற்றவில்லை. எஸ்ஜி வடிவம்தான் வேண்டும் என்றால் மஹாகனிக்குக் கீழே போகாதீர்கள். டெலிகாஸ்டருக்கு அவ்வளவு பயம் வேண்டாம்.