கான்கூன் பக்கம் ஜிப்லைன், செனோட்டே நீச்சல்: ஒருநாள் பயணத்துக்கு என்ன தயாரிப்பு?

கேள்வி

டிசம்பரில் டல்லாஸிலிருந்து மெக்ஸிகோவின் கான்கூனுக்குப் போகிறோம். புவர்ட்டோ மொரெலோஸ் செனோட்டே சாலையில் வழிகாட்டியோடு ஒருநாள் பயணம்: காலையில் காட்டுக்கு மேலே ஜிப்லைன் (கம்பியில் தொங்கிச் சறுக்கிப் போவது), அப்புறம் செனோட்டே என்னும் குகைத் தண்ணீரில் நீச்சல், மதியச் சாப்பாடு. நாங்கள் இருவர், 9 வயது மகன் (26 கிலோ), 62 வயது அம்மா. அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. என்ன உடுத்துவது, எதை விட்டுவிட்டுப் போவது? சன்ஸ்கிரீன் தடை என்கிறார்களே, நிஜமா?

பதில் 1

நிஜம்தான். கான்கூன் இருக்கும் யுகடான் தீபகற்பத்தின் வடபகுதியில் தரைமேல் ஆறு கிடையாது என்றே சொல்லலாம். மழைத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி நிலத்தடியில் ஓடுகிறது. பாறைக்கூரை இடிந்து திறந்துகொண்ட இடம்தான் செனோட்டே. ஊருக்குக் குடிதண்ணீரும் அந்த நிலத்தடி நீர்தான். அதனால் இறங்கும் முன் ஷவரில் குளித்தே ஆகவேண்டும். 'பயோடிகிரேடபிள்' (மக்கிப்போகும்) என்று போட்ட சன்ஸ்கிரீனையும் பல இடங்களில் அனுமதிப்பதில்லை, கொசு மருந்துக்கும் அதே கதி. அன்று காலை தலைக்கு எண்ணெயும் வைக்காதீர்கள். முழுக்கை ராஷ்கார்டு (உடம்போடு ஒட்டும் நீச்சல் சட்டை) வெயிலுக்கும் கொசுவுக்கும் சேர்த்துக் காப்பு.

உள்ளே நீச்சலுடை, மேலே தொடையை மறைக்கும், சீக்கிரம் காய்கிற டிராயர் அல்லது லெக்கிங்ஸ். குட்டை ஷார்ட்ஸ் போட்டால் ஹார்னஸின் (ஜிப்லைனில் உடம்பைத் தாங்கும் பட்டைகள்) கால்பட்டை தொடையை உரசிச் சிவக்க வைத்துவிடும். ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. செருப்பு வேண்டாம், விரலை மூடிய, குதிகாலில் இறுகப் பிடிக்கும் தண்ணீர் ஷூ இரண்டுக்கும் ஆகும்.

தாலிக்கொடி, வளையல், தொங்கும் கம்மல் எல்லாம் ஹோட்டல் லாக்கரில் இருக்கட்டும். சங்கிலி மார்புப் பட்டையில் சிக்கும். நீளமான பின்னலைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள், கம்பியில் ஓடும் உருளையில் மாட்டினால் வழியிலேயே நின்றுபோகும்.

பதில் 2

ஜிப்லைன் பற்றி. ஹார்னஸ் மாட்டும் முன்பே கழிவறைக்குப் போய்விடுங்கள், பிறகு கழற்றி மாட்டுவது பெரிய வேலை. இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இறுகணும். கால்பட்டைக்குள் உள்ளங்கை நுழையலாம், முஷ்டி நுழையக் கூடாது.

சில இடங்களில் வழிகாட்டியே நிறுத்துவார், சில இடங்களில் தடித்த கையுறையால் நீங்களே கம்பியை அழுத்தி வேகத்தைக் குறைக்கணும். அப்போது கை எப்போதும் உருளைக்குப் பின்னால். முன்னால் வைத்தால் உருளை விரல்மேல் ஏறிவிடும். அவர் சைகை காட்டும் முன்பே அழுத்தினால் நடுவழியில் நின்றுவிடுவீர்கள். நின்றால் உடனே கம்பியைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் தாழ்வான பகுதிக்குப் பின்னோக்கி உருண்டு போவீர்கள். அடுத்து, சேரவேண்டிய மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டு போங்கள்.

26 கிலோ என்றால் நீளமான கம்பியில் மேடை வரை எட்டாமல் நிற்க வாய்ப்பு அதிகம். வழிகாட்டியோடு இரட்டையாக அனுப்புவார்களா, குறைந்தபட்ச, அதிகபட்ச எடை எவ்வளவு என்று புக் செய்யும்போதே கேளுங்கள்.

இன்னொன்று: நடைபாதை ஓரத்து மரங்களைப் பிடிக்கவே வேண்டாம். செச்சென் என்ற மரத்தின் பட்டையில் கறுப்புக் கறை வழிந்திருக்கும். அந்தப் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும்.

பதில் 3

அம்மா இறங்கலாம், ஆனால் குதிக்க வேண்டாம். தண்ணீர் வருடம் முழுக்கச் சுமார் 24–25 டிகிரி. திடீரென்று விழுந்தால் மூச்சுத் திணறும், அந்தப் பதற்றம்தான் ஆபத்து. படியில் உட்கார்ந்து கால், இடுப்பு, தோள் என்று மெல்ல இறங்கட்டும். லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையை மேலே தூக்கிப் பாருங்கள்: தாடைக்கு மேல் ஏறினால் பெரிது, மாற்றிக் கேளுங்கள். கால் எட்டாத இடத்தில் நிமிர்ந்து நிற்கப் பார்க்காமல் மல்லாந்து சாய்ந்தால் தானாக மிதப்பார். இதயக் கோளாறோ முதுகு அறுவை சிகிச்சையோ இருந்தால் ஜிப்லைனை விட்டுவிட்டு நீச்சல் மட்டும் போதும்.

கான்டாக்ட் லென்ஸோடு இறங்கவே கூடாது, கண்ணில் கிருமித்தொற்று வரலாம். பவர் நீச்சல் கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். குகைக் கூரையில் தொங்கும் சுண்ணாம்புக் கூம்புகளைத் தொடாதீர்கள். கை எண்ணெய் படிந்தால் அந்த இடம் வளராது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நாங்கள் சைவம். சாப்பாடு?

பதில் 1

புக் செய்யும்போதே எழுதிச் சொல்லுங்கள். அங்கே பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பதுண்டு, சோறு கோழிச் சாற்றில் வேகும். 'சின் மன்தேக்கா, சின் கால்தோ தே போயோ' என்று கேளுங்கள்: கொழுப்பில்லாமல், கோழிச் சாறில்லாமல். கையில் வறுத்த கடலையும் இருக்கட்டும்.

டிசம்பரில் 'நோர்த்தே' என்னும் வடகாற்று அடித்தால் ஜிப்லைனை மூடிவிடுவார்கள். பணம் திரும்ப வருமா, தேதி மாற்றுவார்களா என்று முன்பே கேளுங்கள். ஏசி வேனில் நடுங்காமல் இருக்க ஆளுக்கொரு காய்ந்த உடையும் துண்டும் எடுத்துப்போங்கள். குளிர்காலத்தில் கான்கூன் நேரம் டல்லாஸைவிட 1 மணி முன்னே. கைக்கடிகாரத்தை மாற்றாமல் போனால் வேன் உங்களை விட்டுவிட்டுப் போயிருக்கும்.