பழைய மூனி 231: இன்டர்கூலர் போட்ட எஞ்சினை நம்பி வாங்கலாமா?

கேள்வி

வணக்கம். நான் டென்வர் பக்கம் இருக்கிறேன், ராக்கி மலைகளைத் தாண்டிப் போய்வர வேண்டியிருப்பதால் டர்போ (எக்ஸாஸ்ட் புகையில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கருவி) உள்ள விமானம்தான் தேடுகிறேன். 1981 மூனி 231 ஒன்று கிடைத்திருக்கிறது, கான்டினென்டல் டிஎஸ்ஐஓ-360 எஞ்சின், 210 குதிரைத்திறன். ஓவர்ஹாலுக்கு, அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பித்ததற்குப் பிறகு 1,100 மணி நேரம் ஓடியிருக்கிறது. இன்டர்கூலரும் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) மெர்லின் கம்பெனியின் தானியங்கி வேஸ்ட்கேட்டும் (டர்போவுக்குப் போகும் எக்ஸாஸ்ட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் கதவு) போட்டாயிற்று, இனி எஞ்சினைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்கிறார் விற்பவர். ஆனால் ஐந்தாவது சிலிண்டரின் கம்ப்ரஷன், அதாவது உள்ளே செலுத்தும் காற்றழுத்தத்தில் அது தாங்குவது, 80-க்கு 56 தான். கூடவே பறந்து பார்த்தபோது 17,000 அடியில் மேனிஃபோல்ட் அழுத்தம் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், பாதரச அங்குலத்தில்) தானாகவே இரண்டு மூன்று அங்குலம் ஏறி இறங்கியது, பழைய டர்போ இப்படித்தான் இருக்கும் என்றார். உண்மையா?

பதில் 1

பாதி உண்மை. ஃபேக்டரியிலிருந்து வந்த 231-இல் வேஸ்ட்கேட் என்று தனியாக இயங்கும் பொருளே கிடையாது, தரையில் வைத்து ஒரு திருகில் சரிசெய்துவிட்டால் டர்போவைச் சுற்றி எக்ஸாஸ்ட் வெளியேறும் பைபாஸ் வழி அந்த அளவிலேயே நிற்கும். டர்போ எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், உயரத்தில் ஆர்பிஎம் கொஞ்சம் மாறினால்கூட எக்ஸாஸ்ட் மாறி, டர்போ மாறி, அழுத்தமும் ஆடும். மெர்லின் போடுவதே இதைக் குறைக்கத்தான். அது போட்ட பிறகும் 17,000 அடியிலேயே ஆடுகிறது என்றால் எங்கோ கசிகிறது, அல்லது வேஸ்ட்கேட் சிக்கிக்கொள்கிறது.

கவுலிங்கை (எஞ்சின் மூடியை) கழற்றச் சொல்லுங்கள். வாக்யூம் கிளீனரின் ஊதுகிற பக்கத்தை இன்டேக்கில் (காற்று உள்ளே போகும் வழியில்) பொருத்தி, ரப்பர் இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் அடித்தால் கசியும் இடத்தில் நுரை கிளம்பிவிடும். எக்ஸாஸ்ட் இணைப்புகளில் சாம்பல் நிறத்தில் மாவு படிந்த மாதிரிக் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

56 என்பதை வைத்து மட்டும் சிலிண்டரைக் கழித்துவிட வேண்டாம். காற்று எங்கே போகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும்: எண்ணெய் ஊற்றும் வாயில் என்றால் பிஸ்டன் ரிங், டெயில்பைப்பில் (புகை வெளியேறும் குழாயில்) என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. போர்ஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கும் குட்டிக் கேமரா) விட்டு வால்வைப் பாருங்கள், நிறம் வட்டமாகச் சீராக இருந்தால் நல்லது, ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் பச்சை தட்டியிருந்தால் அது எரிய ஆரம்பித்துவிட்டது.

பதில் 2

நான் ஒன்று கேட்கிறேன், டேக்ஆஃபில் அவர் எத்தனை அங்குலம் வைத்தார்?

கேட்டவர்

40. சிவப்புக் கோடு வரைக்கும் தள்ளினார்.

பதில் 2

அங்கேதான் பிரச்சினை. 40 என்பது இன்டர்கூலர் இல்லாத எஞ்சினுக்கு. காற்று குளிர்ந்து அடர்த்தியானால் அதே 210 குதிரைத்திறனுக்குக் குறைந்த அழுத்தமே போதும், அந்த அளவு இன்டர்கூலரோடு வந்த சப்ளிமென்ட் புத்தகத்தில் இருக்கும். அதைப் பார்க்காமல் 40 வைத்தால் ஒவ்வொரு டேக்ஆஃபிலும் 210-க்கு மேல் வாங்குகிறீர்கள், சிலிண்டர்தான் அதற்கு விலை கொடுக்கும். இன்டர்கூலர் நல்ல விஷயம்தான், 1986-இல் மூனியே 252 மாடலில் அதையும் தானியங்கி வேஸ்ட்கேட்டையும் சேர்த்துத்தானே விற்றது. பல வருஷம் இப்படி ஓட்டிய எஞ்சினை அது காப்பாற்றாது. எஞ்சின் மானிட்டர் இருந்தால் பழைய பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள், விமானம் மேலே ஏறும்போது சிலிண்டர் ஹெட் வெப்பம் 400 ஃபாரன்ஹீட்டைத் தாண்டியே நின்றிருந்தால் விலையைப் பேசும் முன் யோசியுங்கள்.

பதில் 1

இன்னொன்று, இதை விட்டுவிடாதீர்கள். டர்போவையும் டெயில்பைப்பையும் பிடித்திருக்கும் வி-பேண்ட் கிளாம்ப். அது விட்டுப்போனால் நெருப்பு மாதிரி வரும் புகை நேராகக் கவுலிங்குக்குள் அடிக்கும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஸ்பாட் வெல்டிங் செய்த, பல துண்டுகளால் ஆன வகை என்றால் 500 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ 2023-இல் உத்தரவே போட்டுவிட்டது. லாக்புக்கில் தேதி இருக்கிறதா?

கேட்டவர்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. லாக்புக்கில் கிளாம்ப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்று போர்ஸ்கோப் பார்த்தோம், ஐந்தாவது சிலிண்டர் வால்வின் ஓரம் பச்சைதான். இன்டேக்கில் ஒரு ரப்பர் இணைப்பில் நன்றாகவே நுரை வந்தது. சிலிண்டரையும் கிளாம்பையும் அவர் செலவில் மாற்றி, மறுபடி 17,000 அடிக்கு ஏறிக் காட்டினால்தான் பணம் என்று சொல்லிவிட்டேன். இந்த முறை எத்தனை அங்குலம் என்பதை சப்ளிமென்ட் பார்த்து நானே வைக்கப்போகிறேன்.