குடும்ப ரகசியத்தை எந்தப் பக்கத்தில் உடைப்பது? (ஏற்காடு, காதல் காமெடி திரைக்கதை)

கேள்வி: 120 பக்கம். பாட்டியின் காப்பித் தோட்டத்தை விற்க நாயகி ஏற்காடு வருகிறாள். வாங்க வந்தவனோடு காதல். பாட்டிக்கு முதல் கல்யாணத்தில் ஒரு மகள் உண்டு, அதுதான் ரகசியம். இடைவேளையில், வில்லங்கச் சான்றிதழில் பாட்டியின் உயிலைப் பார்த்து நாயகி எல்லாம் தெரிந்துகொள்கிறாள். அதோடு சிரிப்பு நின்றுபோய் அழுகைதான் மிச்சம். என்ன தப்புங்க? ஜனவரியில் காப்பிப் பூவுக்கு நடுவே ஒரு பாட்டும் இருக்கு.

பதில் 1: நாயகிக்கு முந்தி நமக்குத் தெரியணுங்க. 30ஆம் பக்கத்திலேயே காட்டிடுங்க. அப்புறம் டிரைவர், பழம் பறிக்கிறவங்க, பாட்டி என ஆளுக்கொரு பொய் சொல்லட்டும். பொய்கள் ஒன்றோடொன்று முட்டும்போது சிரிப்பு தானா வரும். மூத்த மகளுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் கடை வையுங்க. துருவின பீட்ரூட், கேரட், ரெண்டு சட்னி வைத்து, பாட்டி கேட்காமலே வெங்காயம் போடாமல் நீட்டுகிற கையை மட்டும் காட்டுங்க. 12ஆம் பக்கத்தில் ஒருமுறை, 40இல் ஒருமுறை. வசனமே வேண்டாம்.

பதில் 2: உயில் வில்லங்கத்தில் வராது. பாட்டி உயிரோடு இருக்கும்வரை அதன் நகலும் வேறு யாருக்கும் கிடைக்காது. உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கிற செட்டில்மென்ட் பத்திரமா மாத்துங்க. அது வில்லங்கத்தில் வரும்: எழுதிக் கொடுத்தவர் பாட்டி, எழுதி வாங்கியவர் முன்பின் தெரியாத ஒரு பெண், 2 ஏக்கர். இடைவேளைக்கு அந்தப் பேர் போதும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தின் நகலுக்கு மனு போட்டு, 90ஆம் பக்கத்தில் வாங்கட்டும். குடும்பத்தாருக்கு எழுதினால் கட்டணச் சலுகை உண்டு, அதற்காக உறவை எழுதியாகணும். "என் மூத்த மகள்" என்ற வரியை நாயகி படிக்கும்போது, தன்னை மூத்தவள்னே நினைத்திருக்கும் அம்மா பக்கத்தில் நிற்கணும். தோட்டத்துக்குப் போகிற பாதை அந்த 2 ஏக்கரில் இருந்தால், பெரியம்மா சம்மதம் இல்லாமல் விற்பனை நகராது. கையெழுத்துப் போட வந்தவள் எதை விற்கிறோம்னு அங்கேதான் யோசிப்பாள்.

பதில் 3: ஜனவரியில் பூ இருக்காது, பழம் பறிப்புதான். மார்ச், ஏப்ரலில் மழை பெய்து எட்டு, பத்து நாளில் பூக்கும். ரெண்டு மூணு நாளில் வாடிடும். பாட்டைப் பழுத்த பழத்தில் எடுங்க, நிறமும் நல்லா வரும். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வெயில் பக்கம் மாறுவதால், கார் வசனத்தை ரெண்டு வளைவுக்கு இடையில் முடியற அளவுக்குச் சுருக்குங்க. இல்லேன்னா முகத்து வெளிச்சம் ஒட்டாது. பனிமூட்டம் வந்தால் அகலக் காட்சியை எடுத்த கையோடு ரெண்டு பேர் குளோசப்பையும் முடிச்சிடணும்.